சவரியம்மாள் மீசை வைத்த வருஷம்

பூதலூருக்குத் தெற்கே, ரயில் பாதையைத் தாண்டி இரண்டு வாய்க்கால் தள்ளி இருக்கிற ஊரில் சவரியம்மாளின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள் அவள். விடிந்தும் விடியாததுமாகத் தெருமுனையில் நின்று ஒரு சத்தம் கொடுப்பாள். கீழத்தெரு, மேலத்தெரு இரண்டிலும் கதவு திறக்கும். வயலில் இறங்கிவிட்டால், நாலு வயல் தள்ளி வரப்பில் உட்கார்ந்திருக்கிற பண்ணைக்காரருக்கும் அவள் பேசுவது கேட்கும். அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் பாதி பேச்சைப் பேசவே செய்வாள்.

அவள் புருஷன் ரெமிஜியஸ் நேர்மாறு. பேசினால் பக்கத்தில் இருக்கிறவர்கள்கூடக் குனிந்து கேட்க வேண்டும். ஆனால் மேடை ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். ஊர்ச் சூசையப்பர் கோயிலில் மார்ச் மாதத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள். வேதசாட்சிகள் கதை, ராஜா ராணி கதை, எதுவானாலும் எல்லா வேஷமும் ஆண்களுக்குத்தான். ரெமிஜியஸ்தான் ராணி. ஒல்லியான உடம்பு, நீண்ட விரல்கள், கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற பார்வையிலேயே ஒரு நளினம். திருக்காட்டுப்பள்ளியிலிருந்தெல்லாம் அவரைப் பார்க்க ஆள் வருவார்கள்.

சவரியம்மாள் கல்யாணமாகி வந்த வருஷமே அவளுடைய கூறைப்புடவை மேடை ஏறிவிட்டது. அவள் அதை இரண்டாம் தடவை உடுத்துவதற்கு முன்பே அவர் உடுத்திவிட்டார். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவளின் தோளை இடித்து, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: “ஏன்டி சவரி, கல்யாணத்தன்னிக்கு இந்தப் புடவை உனக்கு இவ்வளவு எடுப்பா இல்லையேடி!” எல்லோரும் சிரித்தார்கள். சவரியம்மாளும் சிரித்தாள். பெருமையாகத்தான் இருந்தது. பெருமைக்குள் சின்னதாக ஒரு முள்ளும் இருந்தது.

இன்னொரு வருஷம், தோழி வேஷம் கட்டுகிறவருக்குத் திருவிழாவன்று காய்ச்சல். என்ன செய்வது என்று ஆண்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது காபி கொடுக்கப் போன சவரியம்மாள், “எனக்கு எல்லார் வசனமும் பாடம். நான் வேணா நிக்கட்டுமா?” என்று கேட்டாள். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரே சிரிப்பு. கேலிச் சிரிப்புகூட இல்லை. குழந்தை ஏதோ மழலையில் சொல்லிவிட்டதுபோல் அன்பான சிரிப்பு. ரெமிஜியஸும் சிரித்தார். அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததில்லை.

தொண்ணூறுகளில் ஊர் மாறத் தொடங்கியது. பூதலூர்க் கடைத்தெருவில் மஞ்சள் பலகை மாட்டிய டெலிபோன் பூத் வந்தது. வீடுகளின் மேல் டிஷ் வந்தது, பிறகு கேபிள் வந்தது. ராஜாவாக நடித்தவன் துபாய்க்குப் போனான். மந்திரியாக நடித்தவன் திருப்பூருக்குக் குடும்பத்தோடு போனான். சேவகர்களாக ஈட்டி பிடித்து நின்ற பையன்கள் ஆளுக்கொரு பாஸ்போர்ட் எடுத்தார்கள். சிங்கப்பூர், மஸ்கட், ரியாத் என்று ஊரின் ஆண்கள் பூசணி விதை மாதிரிச் சிதறினார்கள். ஒரு திருவிழாவில் ராணி தனியாக நிற்கிற நிலைமை வந்தபோது நாடகமும் நின்றது. அதற்குப் பதிலாக, அப்போதிருந்த பங்குச் சாமியார் திரையைக் கட்டிப் படம் போடச் சொன்னார்.

சவரியம்மாளின் ஒரே மகன் கிளாட்சனும் குவைத்துக்குப் போனான். அங்கே ஒரு கம்பெனியில் கனரக லாரி ஓட்டினான். முதல் விடுப்பில் வந்தபோது அனிட்டாவைக் கட்டிக்கொண்டு, ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். அனிட்டா திருச்சியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவள். பூதலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். படித்த மருமகள் எப்படி இருப்பாளோ என்று சவரியம்மாள் பயந்தது கொஞ்ச நாள்தான். அனிட்டாவுக்கு மீன் ஆயத் தெரியாது என்பதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள் என்பதும் தெரிந்த பிறகு பயம் போய்விட்டது.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் மேட்டூர் அணை ஜூனில் திறக்கவில்லை. குறுவை போயிற்று. சம்பாவாவது வருமா என்று பார்த்தார்கள். அதுவும் கருகியது. வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவளுக்கு நடவே இல்லை. காலையில் பழக்கதோஷத்தில் தெருமுனைக்கு வந்து நின்றுவிட்டு, சத்தம் கொடுக்காமல் சவரியம்மாள் வீடு திரும்பினாள்.

அவளோடு வேலை செய்த பெண்கள் மத்தியானத்தில் அவள் வீட்டு வேப்பமரத்தடியில் கூடினார்கள். புளி உடைப்பார்கள், பூ கட்டுவார்கள், சும்மாவும் இருப்பார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் குவைத்தில் போய் முடிந்தது. ஈராக் மேல் அமெரிக்கா சண்டைக்குப் போகப் போகிறது என்று டி.வி.யில் தினமும் சொன்னார்கள். முன்பு ஒரு தடவை சண்டை வந்தபோது, உடுத்திய துணியோடு பாலைவனம் தாண்டி வந்தவர்கள் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை, பூ கட்டிக்கொண்டிருந்த ரெங்கம்மாள் பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: “சண்டை போடுறவனுங்களுக்கெல்லாம் வீட்டுல ஒரு பொம்பளை இருப்பால்ல? அவ எதுவும் சொல்ல மாட்டாளா?”

வாசற்படியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அனிட்டா நிமிர்ந்தாள். “சொல்லியிருக்காங்க. கிரேக்க நாட்டுல, கிறிஸ்து பொறக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தர் இதை நாடகமா எழுதியிருக்கார். நான் காலேஜ்ல படிச்சேன்.”

“சொல்லேன், கேட்போம்” என்றாள் சவரியம்மாள்.

அனிட்டா சொன்னாள். இரண்டு ஊருக்கும் வருஷக்கணக்காகச் சண்டை. ஆண்கள் போவதும் சாவதுமாக இருக்கிறார்கள். ஒரு பெண் இரண்டு ஊர்ப் பெண்களையும் ரகசியமாகக் கூட்டுகிறாள். சண்டையை நிறுத்துகிற வரைக்கும் எந்தப் பெண்ணும் புருஷனைக் கிட்டே சேர்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்குகிறாள். அப்புறம் எல்லோரும் போய், சண்டைக்கான பணம் இருக்கிற கோட்டையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறார்கள். வெளியே கிழவர்கள் கூட்டம் தீச்சட்டியோடு வருகிறது. கிழவிகள் கூட்டம் குடத்தோடு வந்து அவர்கள் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறது.

“கிட்டே சேர்க்கக் கூடாதுன்னா?” என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

“பாயைச் சுருட்டி வச்சிடணும்டி” என்றாள் ரெங்கம்மாள். மரத்தடி முழுக்கச் சிரித்தது. அடுத்து வந்த சில இடங்களை அனிட்டா சொல்லாமல் விழுங்கினாள். அவள் முகம் சிவந்ததைப் பார்த்தே அவர்கள் புரிந்துகொண்டு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அந்த வருஷம் அந்த மரத்தடியில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன் கேட்டதில்லை.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட சவரியம்மாள் திடீரென்று சொன்னாள்: “இதைத் திருவிழாவுல போடுவோம்.”

“யாரு போடுறது? ஆம்பளைங்க எங்க இருக்காங்க?”

“நாம போடுவோம். பொம்பளைக்குப் பொம்பளை, ஆம்பளைக்கும் பொம்பளை.”

அனிட்டா உட்கார்ந்து எழுதினாள். கிரேக்கப் பெயர்களைப் படித்துக் காட்டியபோது ரெங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். “வாயில நுழையற மாதிரி வை தாயி. இதைச் சொன்னா எனக்குப் பல் செட்டு கழண்டுடும்.” ஆகவே ஆற்றுக்கு வடகரை, தென்கரை என்று இரண்டு ஊராயிற்று. கோட்டை நெல் களஞ்சியமாயிற்று. பெண்களுக்குத் தலைவி அனிட்டாதான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கிழவர்களுக்குத் தலைவனாக, அதிகாரமும் மீசையுமாக வந்து மிரட்டுகிற பெரிய வேஷம் ஒன்று இருந்தது. அதை யாரும் கேட்பதற்கு முன்பே சவரியம்மாள் எடுத்துக்கொண்டாள்.

கோயில் காரியங்களை முடிவுசெய்கிற பங்குப் பேரவைக்கு விஷயம் போனபோது புயல் கிளம்பியது. பேரவைச் செயலர் ஞானாதிக்கம், ஓய்வுபெற்ற தபால்காரர், எழுந்து நின்றே பேசினார். “தவக்காலத்துல சிரிப்பு நாடகமா? அதுவும் கதை என்ன கதை? கோயில் வளாகத்துல பேசுற கதையா இது?”

பங்குச் சாமியார் அருள்சாமி இளவயதுக்காரர். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பேரவையைப் பகைத்துக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. “சவரியம்மா, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

சவரியம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “தோத்திரம் சாமி. தவக்காலத்துல எங்களை எதுக்கு ஒரு வேளைச் சோத்தோட ஒருசந்தி இருக்கச் சொல்றீங்க?”

“மனசு மாறணும்னு.”

“இந்தக் கதையில பொம்பளைங்க ஆம்பளைங்களை ஒருசந்தி இருக்க வைக்கிறாங்க. அதுவும் மனசு மாறணும்னுதான். அவளுகளும் சேர்ந்துதானே இருக்காளுக? நாங்க வேதத்துக்கு விரோதமா என்ன சாமி சொல்லப் போறோம்?”

சாமியார் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஞானாதிக்கம் அவரைப் பார்த்தார், சவரியம்மாளைப் பார்த்தார், பிறகு அவருக்கே உதடு கோணியது. “விளக்கு வைக்கிற நேரத்துல ஆரம்பிச்சு, தேர் கிளம்புறதுக்குள்ள முடிச்சிடணும்” என்று சொல்லி உட்கார்ந்தார். அவ்வளவுதான், அனுமதி கிடைத்துவிட்டது.

வீட்டில்தான் கிடைக்கவில்லை. ரெமிஜியஸ் எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் சவரியம்மாளுக்குச் சண்டை போடத் தெரியும். அவர் பேசாமல் இருந்தார். ஒத்திகை நடக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: “நான் பொம்பளை வேஷம் கட்டினப்போ ஊரு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. நீ ஆம்பளை வேஷம் கட்டினா ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கத்தானேங்க நாடகம் போடுறோம்” என்றாள் சவரியம்மாள். குழம்பை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “உங்களுக்கு என்ன வருத்தம்? நான் ஏறுறதா, நீங்க ஏறாததா?”

அவர் கை கழுவப் போனார். ஆனால் மறுநாள் ஒத்திகைக்கு வந்து பின்னால், தூணுக்குப் பக்கத்தில் நின்றார். கிழவர்களாக நடிக்கும் பெண்கள் மார்பை நிமிர்த்திக்கொண்டு, தொடையை அகட்டி அகட்டி நடந்துகொண்டிருந்தார்கள். குளக்கரையில் வாத்து நடப்பதுபோல் இருந்தது. எதிரே, கிழவிகளுக்குத் தலைவியாக இருக்க வேண்டியவள் அன்றைக்கு வரவில்லை. அவள் பெண்ணுக்குப் பிரசவம் என்று கும்பகோணம் போய்விட்டாள், திருவிழாவுக்குள் திரும்ப மாட்டாள். அனிட்டா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

சவரியம்மாள் தூணைப் பார்த்தாள். “என்னங்க” என்று கூப்பிட்டாள். அந்த ஒரு வார்த்தையில் கேள்வியும் இருந்தது, அழைப்பும் இருந்தது.

ரெமிஜியஸ் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டார். இடுப்பில் கையை வைத்தார். அவ்வளவுதான், அங்கே ஒரு கிழவி நின்றாள். அவர் பாட்டுக்கு எடுத்த எடுப்பில், “ஏன்டா கிழவா, தீச்சட்டி தூக்கிட்டு வந்திருக்கியே, அடுப்புப் பத்தவைக்கத் தெரியுமாடா உனக்கு?” என்று கேட்டதும் பெண்கள் ஓவென்று கத்தினார்கள். சவரியம்மாள் ஒரு கணமும் விடவில்லை. “தெரியாதுடி. நீதான் வந்து ஊதேன்!” என்றாள். ஒரு நாடகத்தில் இருவரும் சேர்ந்து பேசியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஒத்திகை களைகட்டியது. சட்டைகளும் கோட்டும் கொடுத்தவள் ஹமீதா பானு. பூதலூர்க் கடைத்தெருவில் டெலிபோன் பூத் நடத்துகிறவள் அவள்தான். அவள் புருஷன் ஹாஜா மைதீனும் குவைத்தில் ஒரு பேக்கரியில் இருந்தார். அலமாரியைத் திறந்து அவருடைய சட்டையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். “போட்டுக்குங்க சவரியக்கா. சும்மா மடிச்சே கிடக்குது. யாராவது போட்டு வேர்வை பட்டாதான் சட்டை, இல்லாட்டி வெறும் துணிதானே.” மேடைக்கு வர அவளால் முடியாது என்று அவளே சொன்னாள். ஆனால் திரைக்குப் பின்னால் மைக்கில் செய்தி சொல்கிற தூதனின் குரல் தன்னுடையதாக இருக்கட்டும் என்றும் அவளே கேட்டாள். நாளெல்லாம் “குவைத் லைன் கிடைச்சிருச்சு, வாங்க, வாங்க” என்று கூவுகிற குரல் அது. அதைவிடப் பொருத்தமான தூதன் அந்த வட்டாரத்தில் இல்லை.

மார்ச் பிறந்ததும் கிளாட்சனிடமிருந்து ஒரு போன் வந்தது. லாரிகளையெல்லாம் வடக்கே எல்லைப் பக்கம் அனுப்புகிறார்கள், தன்னையும் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். “பயப்படாதீங்க” என்று சொல்லும்போதே லைன் அறுந்தது. அதற்குப் பிறகு போன் இல்லை. திருவிழாவுக்கு முந்தின நாள், அமெரிக்கா கெடு வைத்துவிட்டது என்று டி.வி.யில் சொன்னார்கள். அனிட்டா பள்ளிக்கூடம் போகாமல் ஹமீதாவின் பூத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எத்தனை தடவை சுழற்றியும் அந்தப் பக்கம் மணி அடிக்கவில்லை.

சாயங்காலம் பெண்கள் எல்லோரும் சவரியம்மாள் வீட்டுக்கு வந்தார்கள். யாரும் உட்காரவில்லை. ரெங்கம்மாள்தான் வாயெடுத்தாள். “சவரி, வேணாம்டி. நிறுத்திடலாம். புள்ளை அங்க இருக்கையில நாம எப்படிக் கூத்தடிக்கிறது? ஊரு ஒண்ணும் சொல்லாது.”

சவரியம்மாள் மருமகளைப் பார்த்தாள். “நீ சொல்லு அனிட்டா. நீ வேணாம்னா வேணாம்.”

அழுது அழுது அனிட்டாவின் குரல் கட்டியிருந்தது. “வீட்டுல உக்காந்தா நான் டி.வி.யைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன் அத்தை” என்றாள். “அதுல வர்ற யாரும் நாம கேக்கிறதைக் கேக்க மாட்டாங்க. மேடையில நின்னா நான் கேக்கலாம்.”

அதோடு பேச்சு முடிந்தது.

பத்தொன்பதாம் தேதி, சூசையப்பர் திருநாள். சாயங்காலப் பூசை முடிந்த கையோடு கோயில் மைதானம் நிறைந்துவிட்டது. பெண்கள் ஆண் வேஷம் கட்டுகிறார்கள் என்ற செய்தி பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போயிருந்தது. திரைக்குப் பின்னால் ரெமிஜியஸ் மனைவிக்கு மீசை ஒட்டினார். பசை காயும்வரை விரலால் அவள் உதட்டுக்கு மேலே அழுத்திப் பிடித்திருந்தார். “சிரிக்காதே, பிச்சுக்கும்” என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடையில் முதலில் அவள் காலை வைத்தபோது ஊர் சிரிக்கவில்லை. ஹாஜா மைதீனின் கோட்டு, மடித்துக் கட்டிய வேட்டி, முறுக்கிய மீசை. யாரோ என்று பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமி, “எவ அவ, களஞ்சியத்துக் கதவை உள்பக்கம் தாழ் போட்டவ?” என்று ஒரு சத்தம் கொடுத்தாள். நாலு வயல் கடக்கிற அதே குரல். அப்போதுதான் மைதானம் சிரிப்பில் வெடித்தது.

கிழவிகள் குடத்தோடு வந்தார்கள். குடத்தில் காகிதத் துண்டுகளைப் போட்டுக் கொட்டலாம் என்றுதான் அனிட்டா நினைத்திருந்தாள். சவரியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. அடிபம்பில் அரை மணி நேரம் அடித்து நிரப்பிய குடம் அது. ரெமிஜியஸ் அதை அவள் தலையில் கவிழ்த்தபோது, “ஐயோ, தண்ணி!” என்று முன் வரிசையில் ஒரு பெண் தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டாள். சொட்டச் சொட்ட நின்ற சவரியம்மாள், “மேட்டூரையே தொறந்துவிட்டாளுகடா!” என்றாள். அனிட்டா எழுதாத வசனம் அது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஞானாதிக்கம் நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த இடம் வந்தது. களஞ்சியத்தின் கதவைத் திறந்துகொண்டு அனிட்டா தனியாக வெளியே வந்து நின்றாள். சண்டையை நிறுத்துங்கள் என்றாள். அதற்குச் சவரியம்மாள் சொல்ல வேண்டிய வசனம் இதுதான்: “சண்டையைப் பத்தி உனக்கென்னடி தெரியும்? உனக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?”

ஒத்திகையில் எத்தனையோ தடவை சொன்ன வசனம். மருமகளின் முகம் எதிரே இருந்தது. இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். சவரியம்மாளின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மைதானம் காத்திருந்தது. ஒரு குழந்தை எங்கோ அழுதது. பின்னாலிருந்து ரெமிஜியஸ், கிழவியின் குரலிலேயே, “கேளேன்டா கிழவா. கேட்டாத்தானே அவ சொல்லுவா” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

சவரியம்மாளுக்கு அது விளங்கியது. இந்தக் கேள்வியைத் தான் விழுங்கிவிட்டால் அனிட்டாவின் பதில் அவள் தொண்டையிலேயே நின்றுபோகும். நிமிர்ந்தாள். பண்ணைக்காரர்களும் அதிகாரிகளும் தன்னிடம் பேசிய எல்லாத் தோரணையையும் ஒன்றாகக் கூட்டி, வசனத்தை முழுசாக, சத்தமாகச் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை.

“சம்பந்தமா?” என்றாள் அனிட்டா. “பெத்தது யாரு? பால் கொடுத்தது யாரு? வாசல் வரைக்கும் வந்து, திரும்பிப் பார்க்காமப் போன்னு சொல்லி அனுப்பினது யாரு? அவன் எந்த மணல்ல இருக்கான்னு தெரியாம, ஒலையில போட்ட அரிசியை மறந்து நிக்கிறது யாரு? சண்டையில உங்களுக்கு ஒரு பங்குன்னா எங்களுக்கு ரெண்டு பங்கு. எங்களைக் கேக்காம எப்படி ஆரம்பிச்சீங்க?”

மைதானத்தில் சேலைத் தலைப்புகள் வாய்க்குப் போயின. ஆண்கள் பக்கத்திலும் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். சவரியம்மாள் அந்தக் கேள்விக்கு முன்னால் தலைகுனிந்து நின்றாள். நாடகத்துக்காகக் குனிந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

கடைசியில் கிழவர்களும் கிழவிகளும் ராசியாகிற காட்சி. கிழவனின் கண்ணில் ஒரு தூசி விழுந்திருக்கிறது. கிழவி கிட்டே வந்து, முந்தானை நுனியை நனைத்து அதை எடுத்துவிட வேண்டும். ரெமிஜியஸ் மனைவியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். கண்ணில் தூசி இல்லை, வேறு என்னவெல்லாமோ நிறைந்திருந்தது. துடைத்துவிட்டு, யாருக்கும் கேட்காமல், “அன்னிக்கே உன்னை ஏத்தியிருக்கணும் சவரி” என்றார். மீசை பாதி கழன்று தொங்க, அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “வசனத்தைப் பேசுங்க” என்றாள்.

சண்டை ஓய்ந்தது என்று ஹமீதாவின் குரல் மைக்கில் அறிவித்தது. தேர் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஞானாதிக்கம் உட்பட யாரும் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நிஜச் சண்டை ஆரம்பித்தது. டி.வி.யில் பாக்தாத் வானம் பச்சையாகத் தெரிந்தது. நாடகம் போட்டவர்கள் ஒவ்வொருவராக ஹமீதாவின் பூத்துக்கு வந்தார்கள். ஒருவரும் நாடகத்தைப் பற்றிப் பேசவில்லை. யார் வீட்டிலும் தனியாக உலை வைக்கவில்லை. சவரியம்மாள் வீட்டில் ஒரே பானையில் கஞ்சி காய்ச்சி, பூத்துக்கே கொண்டுவந்து குடித்தார்கள். சாமியார் வந்து பெஞ்சில் உட்கார்ந்து அவர்களோடு காத்திருந்தார். முதலில் ஹாஜா மைதீனிடமிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகும் சில நாள் கிளாட்சனிடமிருந்து ஒன்றும் வராமல், அனிட்டா வாயில் பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் போனது.

ஒரு மத்தியானம் மணி அடித்தது. ஹமீதா எடுத்தாள். அவள் கத்திய கத்தலில் எதிர் சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்தார். எல்லைக்குப் போன லாரிகளைக் கம்பெனி பாதியிலேயே திருப்பிவிட்டதாம், எல்லோரும் ஒரு கிடங்கில் பத்திரமாக இருக்கிறார்களாம். அனிட்டா பேசினாள் என்று சொல்ல முடியாது, ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சவரியம்மாள் வாங்கினாள்.

“அம்மா, நீங்க மீசை வச்சீங்களாமே? மஸ்கட்ல இருக்கிற நம்ம ஊருப் பையன் ஒருத்தன் போன்ல சொன்னான்.”

“மஸ்கட் வரைக்கும் போயிருச்சா?” என்றாள் அவள். அவ்வளவுதான் பேச முடிந்தது.

அந்த வருஷக் கடைசியில் கிளாட்சன் வந்தான். குவைத்துக்குத் திரும்பிப் போகவில்லை. தஞ்சாவூரில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டினான். ஆனால் சவரியம்மாளின் குழு ஓயவில்லை. மகளிர் குழுக்களின் கூட்டம் எங்கே நடந்தாலும் அவர்களைக் கூப்பிட்டார்கள். ஆண்டு விழா, பள்ளிக்கூடத் திறப்பு என்று மாதத்துக்கு ஒரு மேடை கிடைத்தது. மறுவருஷம் ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிய பிறகு, ஒத்திகையை வயலிலேயே வைத்துக்கொண்டார்கள். சேற்றில் நின்று, கையில் நாற்று முடியோடு, வடகரையும் தென்கரையும் திட்டிக்கொள்வதைக் கேட்க ரோட்டில் போகிற பஸ்கூட மெதுவாகப் போனது.

திருவிடைமருதூரில் ஒரு விழாவுக்குப் போனபோது கிளாட்சன்தான் வேன் ஓட்டினான். முதல் தடவையாக அம்மாவை மேடையில் பார்த்தான். ரெமிஜியஸுக்கு அன்றைக்கு முட்டிவலி. கிழவிகளுக்குத் தலைவியாக, முகத்தை மறைக்காமல், ஹமீதா பானு மேடை ஏறினாள். ஹாஜா மைதீன் விடுப்பில் வந்திருந்தார், முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் கோட்டின் மேல் தன் மனைவியே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டுவதைப் பார்த்து முதலில் திகைத்து, பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

திரும்பும் வழியில், இருட்டுவதற்கு முன்னால், பாபநாசத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் வேன் நின்றது. பெண்கள் எல்லோரும் வேஷத்தைக் கலைத்துவிட்டிருந்தார்கள். சவரியம்மாளுக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெஞ்சில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மீசையையும் வேட்டியையும் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: “அய்யாவுக்குச் சர்க்கரை எப்படி?”

அனிட்டா சிரிப்பை அடக்க முடியாமல் கிளாட்சனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“தூக்கலா போடு தம்பி” என்றாள் சவரியம்மாள், அடிவயிற்றிலிருந்து.